ஐந்தாவது ஃபவுல்

வாரநாளில் நான் நகை பார்க்கிறவன்.
கருங்கல் கூட்டுறவு வங்கி, இரண்டாம் மேசை.
உரைகல்லில் ஒரு கோடு இழுத்தால்
செம்பு எவ்வளவு பொன் எவ்வளவு, சொல்லிவிடுவேன்.
சந்தேகம் வந்தால் இன்னொரு கோடு.
கல் காத்திருக்கும்.

சனி ஞாயிறு விசில்.
முந்நூற்றைம்பது ரூபாய், பஸ் காசு தனி,
ஒரு சாயா, ஒரு பழம்பொரி.

குளச்சலில் பெண்கள் இறுதி ஆட்டம்.
உப்புக் காற்று தின்ற வளையம்
ஒரு பக்கம் விரலளவு தாழ்ந்திருந்தது.
பாதி ஆட்டத்தில் பக்கம் மாறுவார்கள்தானே என்றார் பி.டி. சார்.
இரண்டாம் நடுவர் வரவில்லை,
மணவாளக்குறிச்சியில் மச்சினன் மகளுக்குக் கல்யாணம்.
"ஒத்தைக்கு ஊதிரும் அண்ணே,
பிள்ளையளுக்க வெளையாட்டுதானே."

பிள்ளைகள் விளையாட்டுதான்.
ஆனால் புன்னை நிழலில் மூன்று நீல நாற்காலி.
சென்னைக் கல்லூரி, கோவைக் கல்லூரி,
மூன்றாமவர் யாரென்று தெரியாது, தொப்பி வைத்திருந்தார்.
விடுதியும் படிப்பும் மூன்று வருஷச் சோறும்
அவர்கள் மடியிலிருந்த நோட்டுகளுக்குள்.

சின்னத்துறை ஸ்டெனிலா
அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.
எதிராளி போகப்போகிற இடத்துக்கு
முன்னமே போய் நிற்கிற கால்கள் அவளுக்கு.
பந்து போட்டால் கைதட்டுவார்கள்.
சும்மா நிற்பதற்கு யார் கைதட்டுவார்?

நாற்பத்தொன்று, நாற்பது. ஸ்டெனிலா அணி ஒரு புள்ளி மேலே.
பதினோரு நொடி.
நாகர்கோவில் ஆர்த்ரா வலப்பக்கம் உடைத்துக்கொண்டு வந்தாள்.
மோதல்.
இருவரும் சிமெண்டில்.
கடலுக்குள் இறங்கப்போன சூரியன் நேராக என் கண்ணுக்குள்.
நான் நின்ற இடம் தப்பு.
ஒற்றை ஆள் எங்கே நின்றாலும் அந்த இடம் தப்பு.
கண்ணுக்கு முன்னால் வாய் ஊதிவிட்டது,
ஊதிய பிறகு கை ஏதாவது சொல்லியாக வேண்டும்.
இரண்டு கையும் இடுப்புக்குப் போயின:
மறித்தது.
ஸ்டெனிலாவுக்கு ஐந்தாவது.

அவள் ஒன்றும் கேட்கவில்லை.
முழங்கையில் தோல் உரிந்திருந்தது.
பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத்
திறந்தாள், மூடினாள், திறந்தாள்.
ஃப்ரீ த்ரோ இரண்டும் விழுந்தன.
கோவைக்காரர் ஏதோ எழுதினார்.
தொப்பிக்காரர் மார்த்தாண்டம் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.
கவரில் முந்நூறுதான் இருந்தது. ஐம்பது பிறகாம்.

பத்து நாள் கழிந்து, தெரியாத எண்.
பன்னிரண்டு நொடி வீடியோ, பின்னால் ஒரு குரல்,
அதற்கும் பின்னால் எஞ்சின் இரைச்சல்:
"அண்ணே, ஸ்டெனிலாவுக்க அப்பா சிலுவைதாசன்.
கொச்சிக்குக் கிட்ட வந்தப்பளாக்கும் சிக்னல் கிட்டிச்சு.
சண்டைக்கு இல்ல கேட்டியளா.
எனக்கு விதி தெரியாது, அதுகொண்டு கேக்கேன்.
அவளுக்க கால் நின்னுதா, நீங்கிச்சா?"

யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை.
திட்டியிருக்கிறார்கள். கல்லும் விழுந்திருக்கிறது, ஒருமுறை.

நாற்பது தடவை பார்த்தேன், நிறுத்தி நிறுத்தி.
இடது ஷூவில் நாடாவுக்குப் பதில்
பச்சை வலைநூல் கட்டியிருந்தாள்.
ஆர்த்ராவின் தோள் அவள் நெஞ்சில் படுகிற கணத்தில்
அந்த நூலின் நுனிகூட ஆடவில்லை.

நீங்கிச்சு என்று எழுதினேன். அழித்தேன்.
வெயில், பாக்க முடியல்ல. அழித்தேன்.
ஊதினால் ஊதினதுதான் என்று முகாமில் சொல்லித் தந்ததை
பாதிவரை எழுதி, அதையும்.

திங்கட்கிழமை, வங்கியில் ஆள் நிற்க,
மேசைக்கு அடியில் கையை வைத்து அனுப்பினேன்:
நின்னுது. ரெண்டு காலும்.

ஒற்றை டிக்.
படகு மறுபடி ஆழத்துக்குப் போயிருக்கும்,
இருபது நாளோ, முப்பதோ.
கோவைப் பட்டியல் வெள்ளிக்கிழமையாம்.

முன்னால் நின்ற பெண் கைச்செயினைக் கழற்றித் தந்தாள்.
ஒரு கோடு இழுத்தேன். சுத்தமான பொன்.
இன்னொரு கோடு.
"எத்தன தடவ உரசுவீரு?" என்றாள்.
மூன்றாவதும் இழுத்தேன்.